மாப்பிள்ளை என்று எழுதிய மகன்

பஸ்மினா கோபக்காரி என்று மருதமுனையில் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். மீதிப் பேர் இனி வாங்கப் போகிறவர்கள். ஆனால் நியாயமில்லாமல் கோபப்படுகிறாள் என்று மட்டும் யாரும் வாய் திறந்ததில்லை. அவளுடைய கோபம் பெரும்பாலும் சரியாக இருந்தது, ஆட்களுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணவர் அஹ்ஸன் கத்தாரில் லொறி ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் வீடு. வீட்டில் அவளும் உம்மா றஹீமாவும் மட்டும். முன்னறையில் ஜன்னலை மூடி, மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, பகல் முழுக்கக் கொம்பியூட்டரில் கொலைத் திமிங்கிலங்களின் முதுகைப் பார்ப்பதுதான் அவளுடைய வேலை.

ஒழுங்கையில் யாரும் இதை வேலை என்று முதலில் நம்பவில்லை. கனடாவின் மேற்குக் கரையில், வடக்கே, குளிர்ந்த கடலில் ஒரு கூட்டம் ஆட்கள் கோடைக்குக் கோடை படகில் போய்ப் படம் எடுக்கிறார்கள். மூச்சு விட மேலே வரும்போது திமிங்கிலத்தின் முதுகும் முதுகுத் துடுப்பான செட்டையும்தான் கண்ணில் படும். செட்டையின் பின்விளிம்பில் ஒன்றுக்கு ஒரு வெட்டு இருக்கும், இன்னொன்றுக்கு ஒரு கிழிசல் இருக்கும். செட்டைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அந்தத் திட்டு ஒன்றுக்கு இருப்பதுபோல் மற்றதுக்கு இருக்காது. இடப்பக்கத்துத் திட்டும் வலப்பக்கத்துத் திட்டும்கூட ஒத்துப்போகாது. ஆயிரக்கணக்கில் வந்து குவியும் படங்களில் கலங்கியதை, தண்ணீர் தெறித்ததை, வெயில் அடித்ததைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கிற இலக்கத்தைப் போட்டு, இது இன்னார், இன்னாருடைய பிள்ளை என்று எழுத வேண்டும்.

முன்னர் கல்முனையில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் அடையாள அட்டைக்குப் படம் திருத்திக்கொண்டிருந்தவள். கொரோனாவில் கடை மூடியபோது வீட்டில் இருந்தபடி இணையத்தில் படம் பிரிக்கிற வேலைகளைத் தேடிப் பிடித்தாள். காட்டில் கட்டிவைத்த கமராவில் விழுந்த மான், பன்றி எல்லாம் பிரித்து, கடைசியில் திமிங்கிலத்தில் வந்து நின்றாள். றஹீமா உம்மாவுக்கு இது ஒரு நாளும் விளங்கியதில்லை.

"மீன்ட முதுகப் பாக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறானா?"

"மீன் இல்ல உம்மா. குட்டி போட்டுப் பால் குடுக்கிற சாதி."

"அப்ப மாடா?"

றஹீமா உம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வலது காலில் இரண்டு விரலை எடுத்தாகிவிட்டது. குதிக்காலில் ஒரு புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. அந்தக் காலை ஊன்றக்கூடாது, ஊன்றினால் அடுத்தது கால்தான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையும் மாலையும் ஊசி, புண்ணுக்கு மருந்து கட்டுவது, குளிக்க வார்ப்பது, கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போவது, எல்லாம் பஸ்மினாதான். அதில் அவளுக்குக் கோபமில்லை. உம்மா தன்னுடைய உம்மா. கோபமெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தம்பி றுமைஸ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவான். அவன் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை. இந்தக் கரையில் வீடு மகளுக்குத்தான். பஸ்மினாவின் கலியாணத்தோடு வாப்பா கட்டிய வீடு அவள் பெயருக்கு எழுதப்பட்டது. றுமைஸ் கலியாணம் முடித்து ஸம்றாவின் வீட்டுக்குப் போனான். போன வீட்டில் அவன் மாப்பிள்ளை, பிறந்த வீட்டில் அன்றிலிருந்து விருந்தாளி. விருந்தாளி வந்து கதிரையில் சாய்ந்து, உம்மாவின் காலைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவான்.

"உம்மா, ராத்தா மருந்து ஒழுங்காக் கட்டுறாவா? துணி ஊத்தையா இரிக்கே."

கேட்டுவிட்டுச் சோறு தின்பான். ஒரு ஏப்பம், ஒரு துஆ, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவான். கல்முனையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன், சிரித்த முகம், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டான். அதுதான் பஸ்மினாவுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்திருந்தால் ஒரே சண்டையில் கதையை முடித்திருக்கலாம்.

அந்த வருஷம் பஸ்மினாவுக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. வலி வந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நிற்பாள். ஒப்பரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். உம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் அவள் போகவில்லை. மறுபடி தேதி கொடுத்தார்கள். மறுபடியும் போகவில்லை. டொக்டருக்கும் கோபம் வந்தது. கல் குழாயில் இறங்கி அடைத்தால் உயிருக்கே ஆபத்து, அப்போது என்னிடம் வந்து நிற்க வேண்டாம் என்றார். மூன்றாவது தேதியை வாங்கிக்கொண்டு வந்த பஸ்மினா, அந்த வெள்ளிக்கிழமை றுமைஸ் கை கழுவும்வரை பொறுத்திருந்தாள்.

"தம்பி, ஒரு ரெண்டு கிழமைக்கு உம்மாவ உன்ட ஊட்ட கூட்டிப் போ. நான் ஒப்பரேஷன் செஞ்சிட்டு எழும்பினதும் கொண்டு வந்து விடு."

றுமைஸ் அவளைப் பார்த்தான். அவள் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல உம்மாவையும் பார்த்தான்.

"மாமி ஊட்டுல உம்மாவக் கொண்டு போய் வெக்கிறதா? என்ன ராத்தா கதைக்கிறீங்க."

"மகன்ட பொண்டாட்டி ஊட்டுல போய்ப் படுக்கிறத்துக்கு முந்தி அல்லாஹ் என்னை எடுத்துக்கணும்" என்றார் றஹீமா உம்மா. "மகள்ட ஊடு இரிக்கக்குள்ள மருமகள்ட ஊட்டுல கிடந்தாளாம் எண்டு ஊர் கதைக்கும். எனக்கு ஏலா."

"அப்ப நான் சாகவா?"

"சும்மா இரி புள்ள. கல்லுத்தானே. மாத்திரையில கரைக்கலாமாம்."

றுமைஸ் எழுந்தான். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, மெதுவாக, அவளுக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னான்.

"கோவிக்காதீங்க ராத்தா. ஊட்ட உங்களுக்குத்தானே தந்த. அப்ப உம்மாவும் உங்களுக்குத்தானே."

அவன் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. ஊரில் யாரிடம் கேட்டாலும் றுமைஸ் சொன்னது சரி என்றுதான் சொல்வார்கள். பள்ளிவாசலில் கேட்டாலும் அப்படித்தான். நிகாஹ் எழுதும்போது வீட்டின் எல்லைகளை வாசித்தார்களே தவிர, உம்மாவின் காலையும் சேர்த்து எழுதுகிறோம் என்று யாரும் வாசிக்கவில்லை. பஸ்மினா அன்று சட்டி கழுவியபோது இரண்டு கோப்பை உடைந்தது. ஒன்றை அவள் வேண்டுமென்றேதான் போட்டாள்.

அந்தக் கோபத்தோடு இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து எலனின் மின்னஞ்சல் வந்தது. அந்தப் படத்தொகுப்புக்கு எலன்தான் பொறுப்பு. எந்நேரமும் மரியாதையாகத்தான் எழுதுவார். இந்த முறையும் மரியாதைதான், ஆனால் விஷயம் மரியாதையாக இல்லை. பதினேழாம் இலக்கக் கிழவியின் குடும்பத்தை நீங்கள் முழுக்கப் பிழையாக எழுதியிருக்கிறீர்கள், முப்பத்து மூன்றை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டிருந்தார்.

பஸ்மினாவுக்கு மூக்கு நுனி சிவந்தது. அவள் வேலையில் பிழை பிடித்தவர் அதுவரை யாருமில்லை. பதினேழு ஒரு வயதான பெண். அவளுக்கு ஒரு மகள், இருபத்தொன்பது. ஒரு மகன், முப்பத்து மூன்று. மகனைக் கடைசியாகப் படம் எடுத்தபோது அவன் சின்னச் செட்டையுள்ள பொடியன். பிறகு சில வருஷம் அந்தப் பக்கம் படகே போகவில்லை. புதிய படங்களில் கிழவி இருந்தாள், மகள் இருந்தாள், மகளுக்கு ஒரு குட்டியும் இருந்தது. பக்கத்திலேயே, ஆளுயரத்துக்கு நிமிர்ந்த செட்டையோடு ஒரு பெரிய ஆண் இருந்தது. பொடியனைக் காணவில்லை.

பஸ்மினாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. மகளுக்குக் குட்டி இருக்கிறது, வீட்டில் ஒரு வாட்டசாட்டமான ஆண் இருக்கிறான், அப்படியென்றால் அவன் மகளின் மாப்பிள்ளை. பெண்வீட்டுக்கு வந்திருக்கிறான். மகனைக் காணவில்லையென்றால் அவன் வேறு பெண்வீட்டுக்குப் போயிருக்கிறான். அவள் மற்றக் குடும்பங்களின் படங்களைத் தேடி, ஏறக்குறைய அதே செட்டை வெட்டுள்ள ஓர் இளந்தாரியைக் கண்டுபிடித்து, இவன்தான் முப்பத்து மூன்று என்று எழுதிவிட்டாள். பெரிய ஆணுக்குப் புதிய இலக்கம் போட்டு, குறிப்பில் இருபத்தொன்பதின் கணவன் என்று எழுதினாள். இரண்டு பேருக்கும் கலியாணம் முடித்துவைத்த திருப்தியோடு அடுத்த குடும்பத்துக்குப் போயிருந்தாள்.

எலன் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தார். சின்னச் செட்டைப் பொடியனும் பெரிய செட்டை ஆணும். செட்டையைப் பார்க்காதீர்கள், திட்டைப் பாருங்கள் என்றிருந்தார். பஸ்மினா பார்த்தாள். சாம்பல் திட்டுக்குள் தூண்டில்போல வளைந்த ஒரு கறுப்புக் கோடு இரண்டிலும் அதே இடத்தில் இருந்தது. ஆண் குட்டிக்கு வயது வந்தால் செட்டை திடீரென்று உயரும், வெட்டு இடம் மாறினதுபோலத் தெரியும், திட்டு மாறாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வீட்டில் நிற்கிற பெரிய ஆண் மாப்பிள்ளை என்று மனதுக்குள் முடிவெடுத்த பிறகு அவள் திட்டைப் பார்க்கவே இல்லை.

எலன் கடைசியில் எழுதியிருந்தார்: இந்தக் குடும்பங்களில் ஆண் எங்கும் போவதில்லை. கூட்டங்கள் சந்திக்கும்போது பெண்ணோடு சேரும், பிறகு தன் தாயிடமே திரும்பிவிடும். சாகும்வரை தாயின் பக்கத்தில்தான் இருக்கும்.

தன் பிழை பஸ்மினாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் அவளிடம் அதிக நேரம் தங்குவதில்லை, கோபமாகிவிடும். பருவம் முழுக்கப் பார்த்த படங்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். அவள் மாப்பிள்ளை என்று எழுதிய ஒவ்வொருவனும் மகனாக இருந்தான். ஊர்வழக்கத்தைக் கொண்டுபோய்ப் பனிக்கடலில் போட்டிருக்கிறாள். கடலுக்கு அது தெரியவில்லை. எலன் இணைத்திருந்த கட்டுரைகளையும் வாசித்தாள். வாசித்ததில் தனக்குப் பிடித்ததை மனதில் வைத்துக்கொண்டாள், பிடிக்காததை விட்டுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை றுமைஸ் கதிரையில் சாய்வதற்குள் அவனை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தா, இதப் பாரு. இவன் ஆர் தெரியுமா?"

"மீன்."

"உன்ன விட எத்தனையோ மடங்கு பெருத்த ஆம்புள. அது அவன்ட உம்மா. இவன் இன்னமும் உம்மாட பக்கத்தில நிக்கிறான். இவனுக்கு மாமி ஊடும் இல்ல, மானம் மரியாதையும் இல்ல. ஊர் என்ன கதைக்கும் எண்டு கேக்கிறானுமில்ல. நீ தொழுறாய், ஓதுறாய். இது ஒரு மிருகம். உம்மாவ ரெண்டு கிழமை பாக்க உனக்கு ஏலாதா? உன்ட ஊட்ட கூட்டிப் போக ஏலாட்டி நீ இங்க வந்து நில்லு. நான் இந்த முறை ஆசுபத்திரிக்குப் போகாட்டி உம்மாவப் பாக்கிறத்துக்கு நானும் இரிக்கமாட்டன், விளங்குதா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலி வந்தது. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். றுமைஸ் இதை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. வெள்ளிக்கிழமைப் பகல் அவன் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கல்லும் மரியாதையாக இருந்துவிடும். அவன் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தான்.

"நான் வாறன் ராத்தா. நீங்க போங்க. நான் வந்து நிக்கிறன்."

அவன் வந்து நின்றது சின்ன விஷயமில்லை. சாய்ந்தமருதில் இரண்டாம் நாளே கதை பரவிவிட்டது. மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு உம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டாராம் என்றால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆசுபத்திரி வார்டில் படுத்திருந்த பஸ்மினாவுக்கு ஸம்றா தொலைபேசி எடுத்து அழுதாள்.

"மச்சி, எங்கட ஊட்ட வந்து ஆக்கள் துக்கம் விசாரிக்கிறாங்க. அவருக்கு என்னில என்ன குறை எண்டு வாப்பாட்ட கேக்கிறாங்க."

"உன்ட புருசன் அவன்ட உம்மாவப் பாக்கிறான். இதுக்கு ஒரு ஊரே அழுமெண்டா நல்லா அழட்டும்" என்று பஸ்மினா போனை வைத்தாள். வைத்த பிறகு வயிற்றில் போட்ட தையல் வலித்தது. ஆனாலும் பல வருஷத்துக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினாள். ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. உம்மாவைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். தன் கோபத்தால் ஒரு முறையாவது ஒரு காரியம் ஆகியிருக்கிறது என்று நினைத்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்ன அன்று றுமைஸுக்குப் போன் எடுத்தாள். உம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர ஏலாது ராத்தா என்றான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அவள் தனியே ஓட்டோ பிடித்து, பள்ளம் வரும்போதெல்லாம் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள்.

வாசலிலேயே தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணத்தின் வாசம் வந்தது. முன்னறையைக் கடந்து குசினிப் பக்கம் போனவள் அப்படியே நின்றாள். றஹீமா உம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சட்டியிலிருந்து மீன் துண்டை எடுத்துக்கொண்டிருந்தார். குதிக்காலில் சுற்றியிருந்த துணி நனைந்து, சிவந்து, சீமெந்துத் தரையில் அடி வைத்த இடமெல்லாம் அதன் கறை இருந்தது. றுமைஸ் பாயில் சம்மணம் போட்டு, சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருந்தான்.

"ராத்தா, வந்திட்டீங்களா" என்றான் சிரித்த முகத்தோடு.

பஸ்மினா உம்மாவின் காலைக் காட்டினாள்.

"உம்மா ஏன் எழும்பி நிக்கிறா?"

"நான் கேக்கல்ல ராத்தா, அல்லாஹ்வறிய. கடையில சோறு எடுப்பம் எண்டுதான் சொன்னன். உம்மாதான் கடைச் சோறு உனக்கு ஒத்துக்காது எண்டு சொல்லி ஒவ்வொரு நாளும் எழும்பி ஆக்கிறா." பிறகு, பகிடியாக எடுத்துக்கொள்வாள் என்று நினைத்து, கைப்பேசியைக் காட்டினான். "நீங்க காட்டின அந்த மீனப் பத்தி நானும் வாசிச்சன். உம்மா பிடிக்கிற மீன ரெண்டாப் பிச்சு மகனுக்குக் குடுக்குமாம். ஆம்புள எவ்வளவு பெருத்தாலும் உம்மாதான் தீத்திறதாம். மகள் வளந்தா அவளுக்குக் குடுக்கிறல்லியாம். இத நீங்க சொல்லல்லியே ராத்தா."

அவள் சொல்லவில்லை. வாசித்தும் சொல்லாமல் விட்ட பாதி அது. தாய் செத்தால் வளர்ந்த மகன்களும் சீக்கிரம் செத்துப்போகின்றன, மகள்களுக்கு அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்றும் அதில் இருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை.

"உம்மா, கால் போகும் எண்டு டொக்டர் சொன்னது நினைவில்லையா? நான் வயித்த வெட்டிக்கொண்டு போய்க் கிடந்தது இதுக்கா?"

"என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துறாய்" என்றார் றஹீமா உம்மா. மீன் துண்டை மகனின் சோற்றில் வைத்து, முள் பக்கத்தைத் தன் விரலால் திருப்பிவிட்டார். "நீ பொம்புள. நான் மவுத்தானாலும் நீ எப்படியும் இருந்துக்குவாய். அவன் என்ன செய்வான், பாவம்."

   பஸ்மினா பையைக் கீழே வைத்தாள். தையலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குனிந்து, தம்பிக்கு நேரே பாயில் இருந்தாள்.

"எனக்கும் சோறு போடுங்க உம்மா."

றஹீமா உம்மா சட்டிக்குள் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்போதுதான் ஏதோ கலங்கியது.

"உனக்கு எண்டு எடுத்து வெக்கல்லியே புள்ள. மீன் முடிஞ்சி. நீ வந்து ஆக்குவாய் எண்டு நினைச்சன்."

றுமைஸ் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான். சிரிப்புப் போய்விட்டிருந்தது. பஸ்மினா கையை நீட்டி அவன் பீங்கானைப் பாயின் நடுவே இழுத்தாள். உம்மா வைத்த துண்டை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தன் பக்கத்துச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து வாயில் போட்டாள். தேங்காய்ப்பால் கொஞ்ச நாளைக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தது அவளுக்கு நினைவு வரவில்லை. பசி அவ்வளவு இருந்தது.

"நாளைக்கு மீன் வெட்டுறதும் நீ, ஆக்கிறதும் நீ" என்றாள் வாயில் சோற்றோடு. "ரெண்டு கிழமை எண்டு வந்தாய். இன்னம் ஒரு கிழமைக்கு மேல இரிக்கி. சாய்ந்தமருதுக்காரங்க அழுறத அழுது முடிக்கட்டும்."

"எனக்கு ஆக்கத் தெரியா ராத்தா."

"எனக்கு மட்டும் உம்மாட வயித்துக்குள்ளயா சொல்லித் தந்த?"

சோறு முடிந்ததும் றுமைஸ் பீங்கானைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். எங்கே கழுவுவது என்று தெரியாமல் குசினி வாசலில் நின்றான். மகன் பீங்கான் தூக்கி நிற்பதைப் பார்த்து உம்மாவுக்குத் தாங்கவில்லை. சுவரை விட்டுவிட்டு, நனைந்த காலை இழுத்துக்கொண்டு, அதை வாங்க ஓர் அடி வைத்தார்.

"உம்மா, இருங்க" என்றாள் பஸ்மினா.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் உம்மா கேட்டிருக்கமாட்டார். றஹீமா உம்மா மகனையும் பீங்கானையும் ஒரு முறை பார்த்தார், பிறகு மெதுவாகச் சுவரோரம் சரிந்து தரையில் இருந்தார். பஸ்மினா அவருடைய காலை இழுத்துத் தன் மடியில் வைத்து, துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.